கண்காட்சிக்கு தைக்கிறதும் நாடகத்துக்கு உடை தைக்கிறதும் ஒரே ஆளால ஆகுமா?

ஊசிநூல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்க மட்டும்தான் வருவேன், எழுதுறது இதான் முதல் தடவை, நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நான் துணியில வேலை பண்றவ. ஆர்டர் எடுத்து தைக்கிறது இல்ல, கை எம்ப்ராய்டரி, அப்ளிக் (துணித் துண்ட வெட்டி இன்னொரு துணி மேல வெச்சு தைக்கிறது), நைஞ்ச துணிகளை ஒட்டுப் போட்டு சுவத்துல தொங்குற மாதிரி பெருசா செய்யிறது, இப்படி ஆறு வருஷமா போகுது. யாராவது என்ன பண்றீங்கன்னு கேட்டா "தைக்கிறேன்"னு சொல்லுவேன், உடனே "அப்போ இந்த பேன்ட் உயரம் கொஞ்சம் குறைச்சு தர முடியுமா"ன்னு வரும், அதுக்கு மேல விளக்க தெம்பு இல்லாம குறைச்சு கொடுத்துட்டு வந்துருவேன் 😄

இப்ப விஷயம் என்னன்னா ரெண்டு வாய்ப்பு ஒரே மாசத்துல வந்து நிக்குது. ஒரு குழு கண்காட்சில அஞ்சு பீஸ் வைக்க இடம் கொடுத்திருக்காங்க, ஒன்பது வாரம் இருக்கு. அஞ்சுல ரெண்டு முடிஞ்சது, ஒண்ணு பாதி, மிச்ச ரெண்டும் இன்னும் மண்டைக்குள்ள. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு சின்ன நாடகக் குழு, ராஜா ராணி கதை, பதினோரு உடை, ஏழு வாரம். டைரக்டர் என் வேலைய ஒரு ஃப்ரெண்ட் வீட்டு சுவத்துல பாத்துட்டு ராணி போடுற மேலங்கி முழுக்க என் கை வேலையா இருக்கணும்னு கேட்டார். நானும் யோசிக்காம சரின்னுட்டேன். வீட்டுக்கு வந்து கணக்கு போட்டா மேலங்கியோட முதுகுப் பக்கம் மட்டுமே ஒன்றரை மீட்டர் நீளம், 120 செ.மீ. அகலம், உள்ளங்கை அளவு இடம் நிரப்ப எனக்கு ஆறு மணி நேரம் ஆகும், அப்போ மொத்தம் 1080 மணி நேரம். ஏழு வாரத்துல இருக்கிறதே 1176 மணி நேரம்தான். தூங்காம குளிக்காம தைச்சா முடிச்சிரலாம்.

அதோட நான் இதுவரைக்கும் உடம்புக்கு வெட்டினதே இல்ல, தட்டையா கிடக்குற துணிதான் எனக்கு பழக்கம். தளபதி வேஷத்துக்கு ஒரு கோட்டு மாதிரி தைச்சு போட்டுப் பாக்க சொன்னேன், நிக்கும்போது அம்சமா இருந்துச்சு, அந்த தம்பி வாள் ஓங்குறதுக்கு கைய தூக்கினதும் மொத்த கோட்டும் தொப்புளுக்கு மேல ஏறிடுச்சு. அக்குள பெருசா வெட்டிப் பாத்தேன், இன்னும் மோசமாச்சு.

இதுக்கு நடுவுல ஒரு பேராசை. நாடகம் முடிஞ்சு எட்டு நாள் கழிச்சுதான் கண்காட்சி, அதனால அந்த மேலங்கியையே நாலாவது பீஸா தொங்க விட்டா என்னன்னு தோணுது. ஒரே கல்லுல ரெண்டு மாங்காயா, இல்ல ரெண்டும் கெட்டானா? ரெண்டு பக்கமும் வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

மேடைக்குப்பின்னால:

வணக்கம்மா. இருபது வருஷத்துக்கு மேல நாடகத்துக்கு உடை தைக்கிறேன், கண்காட்சி பத்தி ஒண்ணும் தெரியாது, அதனால என் பக்கத்த மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த அக்குள் விவகாரம். இதுல விழாதவங்க யாருமே இல்ல. ஆர்ம்ஹோல், அதாவது கைத்துணி சேர்ற ஓட்டைய, கீழ இறக்கி பெருசா வெட்டினா கை தாராளமா தூக்கலாம்னு தோணும், நிஜம் அதுக்கு நேர் எதிர். ஆர்ம்ஹோல் இறங்க இறங்க கையும் உடம்புத் துணியும் சேர்ற இடம் விலாவுக்கு போயிடுது, கைய தூக்கினா விலாத் துணியையும் சேத்து இழுக்குது, கோட்டு மேல ஏறுது. அக்குளுக்கு நெருக்கமா, மேல ஏத்தி வெட்டுங்க. அதுவும் பத்தலன்னா கையும் பக்கத் தையலும் சேர்ற இடத்துல டயமண்ட் மாதிரி ஒரு சின்ன துண்டு, கஸ்ஸெட்னு சொல்லுவாங்க, க்ராஸா (நூல் ஓட்டத்துக்கு சாய்வா) வெட்டி வெச்சு தைங்க, வாள் என்ன ஈட்டியே எறியலாம். வெட்டுறதுக்கு முன்னாடி காடாத்துணில ஒண்ணு தைச்சு அந்த தம்பிக்கு போட்டு நிக்க வெச்சு பாக்காதீங்க, சண்டைக் காட்சிய முழுசா பண்ண சொல்லுங்க. நின்னா எந்த உடையும் சரியாத்தான் இருக்கும்.

அடுத்தது பதினோரு உடைய பதினொண்ணா தைக்கணும்னு யார் சொன்னது? மூணோ நாலோ பேர்தான் ஜனங்க கண்ணுல நிப்பாங்க, அவங்களுக்கு மட்டும் புதுசா வெட்டுங்க, மத்தவங்களுக்கு குழுகிட்ட ஏற்கனவே மூட்டைல கிடக்குறத பிரிச்சு, சாயம் ஏத்தி, பார்டர் மாத்தி போடுங்க. சாயம் ஏத்துறதுக்கு முன்னாடி துணி என்னன்னு பாத்துக்கோங்க, பருத்திக்கான சாயம் பாலியஸ்டர்ல பிடிக்கவே பிடிக்காது, ரெண்டும் கலந்த துணின்னா பாதி கலர்ல வரும். சில சமயம் அதுவே அழகா இருக்கும், அது வேற விஷயம்.

உள்ள துணி தாராளமா விடுங்க, நடு முதுகு தையல்லயும் பக்கத் தையல்லயும் ஒரு இஞ்சுக்கு குறையாம. ஒத்திகை ஆரம்பிச்ச உடம்பும் முதல் நாள் மேடை ஏறுற உடம்பும் ஒரே உடம்பு இல்ல, கடைசி வாரம் ஆளே மாறினாலும் மாறுவாங்க. ஜிப் வெக்காதீங்க, இருட்டுல அவசரமா இழுத்து பல்லு மாட்டிக்கிச்சுன்னா ஆள உடைக்குள்ள வெச்சு கத்தரிச்சுதான் எடுக்கணும். பெரிய கொக்கி வரிசையா வைங்க, ஒண்ணு பிச்சுக்கிட்டாலும் மிச்சம் தாங்கும். ரெண்டு காட்சிக்கு நடுவுல மாத்துற உடைன்னா முன்னாடி பொய்யா பட்டன் தைச்சுட்டு அடியில ப்ரெஸ் பட்டன். வெல்க்ரோ வேகமா வரும்தான், ஆனா சோகக் காட்சில சைடுல இருந்து கர்ர்ர்னு ஒரு சத்தம் வந்துச்சுன்னா ஹாலே திரும்பிப் பாக்கும்.

இப்ப மேலங்கி. நீங்க தைக்கிறது கையெட்டுற தூரத்துல நின்னு பாக்குற கண்ணுக்கு. மேடைல முதல் வரிசைக்கே அஞ்சாறு மீட்டர் வந்துரும். உங்க முடிஞ்ச பீஸ்ல ஒண்ண சுவத்துல குத்திட்டு பதினஞ்சு அடி வெச்சு பின்னாடி போய் அரைக்கண்ண மூடிப் பாருங்க, நுணுக்கமா நாலு பச்சைல இலை தைச்சிருப்பீங்க, அங்க இருந்து பாத்தா ஒரே சேறு. 1080 மணி நேரம் தைச்சு சேறு வேணாம். பெரிய பெரிய அப்ளிக் துண்டு, ஓரத்துல தடிச்ச கயிறு வெச்சு பிடிச்சு தைக்கிறது, நடுவுல கொஞ்சம் மினுக்குறது, இது போதும். கூடவே லைட் போடுறவர்கிட்ட என்ன கலர்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. ஒரு தடவை நாலு சிவப்பு கலந்து உயிரைக் கொடுத்து ஒரு உடுப்பு தைச்சேன், அந்த காட்சி முழுக்க நீல லைட்டு, கருப்பு சாக்கு போட்ட மாதிரி இருந்துச்சு.

வெயிட்டும் முக்கியம். அவ்ளோ துணி கழுத்துல மட்டும் தொங்குனா ராணி வசனம் பேச மாட்டா, இருமுவா. மேலங்கிக்கு உள்ள தோள்ல இருந்து ரெண்டு பட்டை இறக்கி அக்குள் வழியா மார்ல குறுக்கா கட்டுற மாதிரி வைங்க, அதுக்கு மேல உடை மறைச்சிடும், பாரம் தோளுக்கும் முதுகுக்கும் போயிடும்.

அப்புறம் ஒண்ணு சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க, உங்க எம்ப்ராய்டரி பின்பக்கத்த எந்த கண்காட்சிலயும் யாரும் பாக்க மாட்டாங்க, நூல் எப்படி ஓடினாலும் சரி. இங்க உள்பக்கம்தான் ஒருத்தங்க தோல் மேல ரெண்டு மணி நேரம் உரசிட்டு இருக்கும். ஜரிகை முடிச்சு ஒண்ணு கழுத்துல குத்துச்சுன்னா அந்த ஆள் நடிக்க மாட்டாரு, சொறிஞ்சுட்டு இருப்பாரு. லைனிங் போடாம எதையும் கொடுக்காதீங்க, அக்குள்ல வேர்வை பேடு தனியா கழட்டி துவைக்கிற மாதிரி வைங்க.

நாலுமுழம்:

1080 மணி நேரம் 😂😂 நான் ஒரு தலையணை உறை ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு, அந்த கணக்குல பாத்தா அக்கா நீங்க மின்னல்.

வெள்ளைச்சுவர்:

தோழி, நான் கண்காட்சி தரப்பு. நானும் துணிதான், ஆனா மத்தவங்களோட துணி வேலைகளை மாட்டுறது, இறக்குறது, பேக் பண்றதுன்னு நிறைய நாள் ஓட்டியிருக்கேன். மேல அண்ணன் சொன்னதுல ஒண்ணே ஒண்ணுக்கு சண்டைக்கு வர்றேன். பின்பக்கத்த யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே, மாட்டுறவங்க பாப்போம்! முதல் வேலையே திருப்பிப் போட்டு பாக்குறதுதான். நூல் நீளமா தாவித் தாவி ஓடி இருந்தா ஆணில மாட்டும், முன்பக்கம் சுருங்கும். இருட்டு நூல் வெளிர் துணிக்கு பின்னாடி ஓடுச்சுன்னா லைட் பட்டதும் நிழல் மாதிரி முன்னாடி தெரியும்.

ஊசிநூல்காரி, உங்க தொங்கல் வேலைகளுக்கு மேல ரெண்டு ஓரத்துல வளையம் மாட்டி தொங்க விட்றாதீங்க. ரெண்டு வாரத்துல நடுவுல தொய்ஞ்சு சிரிக்கிற வாய் மாதிரி ஆயிடும். பாரம் அகலம் முழுக்க ஒரே மாதிரி பரவணும். ஒண்ணு, பின்பக்கம் மேல் ஓரமா குழாய் மாதிரி ஒரு துணி தைச்சு உள்ள தட்டையான மரப்பட்டை விடலாம். இல்லன்னா மியூசியத்துல பண்ற மாதிரி வெல்க்ரோ, மெத்துன்னு இருக்குற பக்கத்த பருத்தி நாடால மெஷின்ல தைச்சு அந்த நாடாவ கையால உங்க வேலையோட பின்னாடி தைக்கணும், முரட்டுப் பக்கம் சுவத்துல இருக்குற கட்டைக்கு. அழகு என்னன்னா ஒரு ஓரம் தூக்கி இருந்தா பிச்சு கொஞ்சம் நகத்தி ஒட்டிக்கலாம், ஆணி பிடுங்க வேண்டாம். மேடைல வில்லனா இருக்குற வெல்க்ரோ இங்க ஹீரோ 😊

மாட்டுறதுக்கு முன்னாடி நாலஞ்சு நாளாவது வீட்லயே தொங்க விடுங்க. க்ராஸா வெட்டின துண்டுகள் இருந்தா கட்டாயம். அது தன் பாரத்துக்கு எவ்ளோ இறங்கணுமோ இறங்கட்டும், அதுக்கப்புறம் கீழ் ஓரம் சரி பண்ணுங்க.

சின்ன பீஸ ஃப்ரேம் போட்டா கண்ணாடி துணிய தொடவே கூடாது, நடுவுல கேப் கொடுக்குற பட்டை வெக்க சொல்லுங்க. பசை போட்டு ஒட்டுறேன்னு ஃப்ரேம் கடைல சொன்னா எழுந்து வந்துருங்க, பசை பழுப்பேறி முன்னாடி வரும். ஆசிட் இல்லாத அட்டைல துணி சுத்தி அது மேல தைக்க சொல்லுங்க, இல்ல நீங்களே தைங்க.

லைட் கேளுங்க, வெக்கப்படாம கேளுங்க. மியூசியத்துல துணிக்கு 50 லக்ஸ்தான் (லக்ஸ்னா வெளிச்சத்தோட அளவு) வழக்கம், அதனாலதான் துணி வெச்ச அறைக்குள்ள போனா இருட்டா இருக்கேன்னு தோணும். வெளிச்சத்தால ஆகுற சேதம் திரும்ப வராது, சேந்துட்டே போகும், இருட்டுல வெச்சா ஆறிப் போற காயம் இல்ல அது. உங்க குழு கண்காட்சி கொஞ்ச நாள்தான், 50 எல்லாம் கிடைக்காது, ஆனா ஜன்னல் வெயில் நேரா விழற சுவர் கொடுத்தாங்கன்னா மாத்திக் கேளுங்க. பெயின்டிங் வெக்கிறவங்களுக்கு இது புரியாது, எல்லாரும் அந்த வெளிச்சமான சுவருக்குதான் அடிச்சுக்குவாங்க, நீங்க நைஸா மூலைய வாங்கிக்கலாம்.

தொட வேண்டாம்னு போர்டு வெச்சாலும் தொடுவாங்க. துணிய பாத்தா கை தானா போகுது, அது அவங்க தப்பு இல்ல. அதே துணி, அதே நூல், அதே தையல்ல ஒரு கையகல சாம்பிள் தைச்சு பக்கத்துல கயித்துல தொங்க விட்டு "இத தொடுங்க"ன்னு எழுதி வைங்க. கடைசி நாள் அந்த சாம்பிள் நிறத்த பாத்தா உங்க வேலை எதுல இருந்து தப்பிச்சதுன்னு தெரியும்.

கம்பளி நூலோ பழைய பட்டோ கலந்திருந்தா பூச்சி இருக்கான்னு பாருங்க. சந்தேகம்னா கவர்ல காத்து போகாம கட்டி மைனஸ் 20 டிகிரில ரெண்டு வாரம் வெச்சு எடுத்து, கவர பிரிக்காமலே அறை சூட்டுக்கு வர விடணும். உடனே பிரிச்சா ஈரம் கோத்துக்கும்.

இப்ப மேலங்கிய தொங்க விடுற யோசனை. எனக்கு பயமா இருக்கு. காரணம் வேர்வை. உப்பும் அமிலமும் சேந்து பட்டுத் துணிய இத்துப் போக வெக்கும், சாயத்தையும் மாத்தும். எம்ப்ராய்டரி போட்டதுன்னா துவைக்கவும் பயம், துவைக்காம வெக்கவும் பயம். இன்னொண்ணு, உடைய சும்மா ஹேங்கர்ல மாட்டினா செத்த கோழி மாதிரி இருக்கும். பொம்மைல போட்டு அந்த நடிகையோட அளவுக்கு பஞ்சு சுத்தி மேல இழுபடுற துணி போட்டு உடம்ப கட்டணும், அதுவே ஒரு நாள் வேலை.

கத்தரிக்கோல்_7:

எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க, நான் கெட்ட ஆளா இருந்துட்டு போறேன். ரெண்டுல ஒண்ண விடுங்க. விட வேண்டியது நாடகம்.

ஏன்னா சுவத்துல தொங்குறது உங்க பேச்சு. அங்க போனா நீங்க பேசுறது டைரக்டரோட பேச்சு, லைட்காரரோட பேச்சு, கடைசில மைக்காரரோட பேச்சு. சும்மா சொல்லல, பட்டிருக்கேன். ஒரு குழுவுக்கு நாலு வாரம் உக்காந்து ஒரு ஜாக்கெட் முதுகு முழுக்க காம்புத் தையல்ல கொடி ஓட்டினேன். முதல் ஷோ அன்னைக்கு சாயங்காலம் மைக் பெட்டி வெக்க இடம் இல்லன்னு ஒரு ஆள் ப்ளேடு எடுத்து முதுகுல நடு கொடில ஒரு கீறல் போட்டு உள்ள சொருகிட்டாரு. கேட்டா "இருட்டுல தெரியாதுங்க"ங்கிறாரு. தெரியாதுதான், எனக்கு தெரிஞ்சுதே. அதோட விட்டேன்.

கண்காட்சி வாய்ப்பு உங்க பேருக்கு வர்றது. அதுக்கு மூணு பீஸ் பாக்கி வெச்சிட்டு பதினோரு பேருக்கு அளவெடுத்துட்டு திரியறது எனக்கு புரியல.

ஊசிநூல்காரி:

யப்பா, இவ்ளோ பதில் வரும்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் நன்றி.

மேடை அண்ணா, அக்குள மேல ஏத்தி வெட்டி கஸ்ஸெட் வெச்சேன். தம்பி ரெண்டு கையும் தூக்கி குதிச்சான், கோட்டு அசையல. நான் அழுதுட்டேன், அவன் பயந்துட்டான். பதினஞ்சு அடி டெஸ்டும் பண்ணேன். நாலு மாசம் தைச்ச பறவை பீஸ், அது பறவைன்னே தெரியல, ஏதோ கறை மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் முழுக்க அப்செட்.

கத்தரிக்கோல், உங்க ஜாக்கெட் கதைய படிச்சிட்டு என் முதுகுல கீறின மாதிரி இருந்துச்சு. நீங்க சொல்றது சரின்னு மூளை சொல்லுது, ஆனா ஒண்ணு, அந்த தம்பி கோட்ட போட்டதும் நிக்கிற விதமே மாறிடுச்சுங்க, தோள் பின்னாடி போச்சு, குரல் இறங்குச்சு. என் பீஸ் முன்னாடி நிக்கிறவங்க அஞ்சு செகண்ட் பாத்துட்டு நல்லா இருக்குன்னு போயிடுறாங்க, இங்க என் தையல் ஒரு ஆள மாத்துது. இத விட மனசு வரல. அதுக்காக மேலங்கிய சேறு ஆக்கவும் மனசு வரல.

பாவும்ஊடும்:

இந்த த்ரெட்ட காலைல இருந்து மூணு தடவை படிச்சுட்டேன். சுவருக்கு ஒரு வேலை, உடம்புக்கு ஒரு வேலைன்னு பிரிச்சு ஒண்ண விட சொல்றது எனக்கு ஒப்பல, ஏன்னா துணிக் கலைல பெரிய ஆளுங்க பலர் ரெண்டுலயும் கால் வெச்சவங்கதான்.

சோனியா டெலானேன்னு ஒரு ஓவியர், 1911-ல தன் கைக்குழந்தைக்கு துண்டு துணிகளை ஒட்டுப் போட்டு ஒரு போர்வை தைச்சாங்க, அந்த துண்டுகள் கலர் கலரா பக்கத்துல பக்கத்துல உக்காந்த விதம்தான் அவங்க ஓவியத்துக்கே வழி காட்டுச்சுன்னு சொல்லுவாங்க. போர்வை இப்ப பாரிஸ் மியூசியத்துல இருக்கு, அதாவது குழந்தைக்கு போத்தினது சுவருக்கு போயிடுச்சு. அவங்களே 1918-ல க்ளியோபாட்ராங்கிற பாலே நடனத்துக்கு உடை டிசைன் பண்ணாங்க, உடம்பு மேல பெரிய பெரிய வட்டம், அதே கலர் விளையாட்டு. அத மேடை அண்ணன் சொன்ன பதினஞ்சு அடில இருந்து பாத்தாலும் தெரியும், ஐம்பது அடில இருந்து பாத்தாலும் தெரியும். 1964-ல பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல கண்காட்சி, உயிரோட இருக்கும்போதே அங்க அப்படி ஒரு கண்காட்சி கிடைச்ச முதல் பெண் அவங்கதான்.

ஆஸ்கர் ஷ்லெம்மர்னு பாவ்ஹவுஸ்ங்கிற ஜெர்மன் கலைப் பள்ளில இருந்தவர், 1922-ல ஸ்டுட்கார்ட்ல ஒரு பாலே போட்டார், மூணு பேர் ஆடுறது, உடை மட்டும் பதினெட்டு. கம்பி, பஞ்சு வெச்ச துணின்னு உருண்டையும் கூம்புமா இருக்கும், அத மாட்டிக்கிட்டா எப்படி நகர முடியுமோ அதான் ஆட்டம். மிஞ்சி இருக்குற உடைகள் ஸ்டுட்கார்ட் மியூசியத்துல சிலை மாதிரி நிக்குது. அதே பாவ்ஹவுஸ்ல பொண்ணுங்கள நெசவுப் பட்டறைக்கு தள்ளி விட்டாங்க, அங்க வேண்டா வெறுப்பா தறில உக்காந்த ஆன்னி ஆல்பர்ஸுக்குத்தான் 1949-ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல தனிக் கண்காட்சி நடந்துச்சு. துணிக் கலைக்குன்னு அங்க நடந்த முதல் தனிக் கண்காட்சியே அதான். பேன்ட் உயரம் குறைக்க சொல்றவங்ககிட்ட அடுத்த தடவை இத சொல்லுங்க, ஒண்ணும் மாறாது ஆனா நமக்கு ஒரு திருப்தி.

நிக் கேவ் (பாட்டுப் பாடுறவர் இல்ல, இவர் அமெரிக்கக் கலைஞர்) 1992-ல பூங்கால பொறுக்கின சுள்ளிகள வெட்டி ஓட்டை போட்டு துணில வரிசையா தைச்சார். சிலைன்னு நினைச்சுதான் செஞ்சாராம், செஞ்சு முடிச்சு உள்ள நுழைஞ்சு நகந்தா சலசலன்னு சத்தம் வந்துச்சு. அதுல இருந்துதான் சவுண்ட்சூட்னு பேர். மனுஷன் நடனமும் கத்துக்கிட்டவர். அந்த சூட்டுகள் மியூசியத்துல நிக்கவும் செய்யுது, ஆட்டத்துல ஆடவும் செய்யுது.

இவங்க யாரும் சுவத்து வேலைய அப்படியே தூக்கி உடம்புல ஒட்டல, கவனிங்க. அளவ மாத்தினாங்க. உங்க பறவை கறையா தெரிஞ்சதுக்கு அப்செட் ஆக வேண்டாம், அது அந்த தூரத்துக்கு தைச்ச பறவை இல்ல. மேலங்கிக்கு வேற பறவை தைங்க, ஒரு றெக்கை மட்டும், முதுகு முழுக்க.

மேடைக்குப்பின்னால:

கத்தரிக்கோல் தம்பி, அந்த மைக் ஆள் பண்ணது அநியாயம். ஆனா தப்பு பாதி உடை தைக்கிறவங்க மேலயும் இருக்கு, கோவிச்சுக்காத. மைக் போடுற ஷோவான்னு முதல் நாளே கேட்டு இடுப்புக்கு பின்னாடி உள்பக்கம் ஒரு பை, ஒயர் மேல ஏற ஒரு சின்ன வழி, இத தைச்சு கொடுத்துட்டா ப்ளேடு யாரும் எடுக்க மாட்டாங்க. ஊசிநூல்காரி, நீங்களும் இத கேட்டுடுங்க. கூடவே உடை யாருக்கு சொந்தம், நாடகம் முடிஞ்சா யார்கிட்ட இருக்கும், எத்தனை தடவை போட்டுப் பாக்க ஆள அனுப்புவாங்க, போஸ்டர்ல உங்க பேர் வருமா, எல்லாம் ஒரு தாள்ல எழுதி வாங்குங்க. மேலங்கி உங்களுது இல்லன்னா கண்காட்சிப் பேச்சே இல்லையே.

வேர்வைக்கு ஒரு வழி. எம்ப்ராய்டரி மேலங்கி மேலயே வேணாம். தனித் துணில தைச்சு, மேலங்கி முதுகுல ப்ரெஸ் பட்டனும் கொக்கியும் வெச்சு பதிச்சுடுங்க. ஷோ முடிஞ்சதும் கழட்டி தட்டையா வெச்சிடலாம், மேலங்கிய மட்டும் அலசலாம். தினம் அலச முடியாதப்ப உள்பக்கம் வோட்காவ ஸ்ப்ரே பண்ணி காத்தாட போடுவோம், நாத்தம் போயிடும். குழு ஆளுங்ககிட்ட அது எதுக்குன்னு சொல்லிடுங்க, இல்லன்னா பாட்டில் சீக்கிரம் காலியாகும்.

வெள்ளைச்சுவர்:

தனிப் பேனல்! இத நான் யோசிக்கவே இல்ல. அப்போ வேர்வை நேரா படாது, நடுவுல லைனிங், மேலங்கி, அப்புறம்தான் பேனல். கண்காட்சில பேனல மட்டும் வெல்க்ரோல சுவத்துல மாட்டலாம், பொம்மையும் வேண்டாம் பஞ்சும் வேண்டாம். பேனல் ஓரத்துல அந்த கொக்கிகள் அப்படியே இருக்கட்டும் தோழி, மறைக்காதீங்க. ஒரு உடம்புல இருந்து கழட்டினதுன்னு பாக்குறவங்களுக்கு அதுவே சொல்லும்.

ஆனா ப்ரெஸ் பட்டன் இரும்புன்னா துரு பிடிக்கும், பித்தளையா பாத்து வாங்குங்க.

கத்தரிக்கோல்_7:

சரி, பைய முன்னாடியே தைச்சிருக்கலாம், ஒத்துக்கிறேன். பத்து வருஷம் கழிச்சு ஒத்துக்கிறேன். இருந்தாலும் பதினோரு உடைன்னு பேசினத நாலா குறைங்க, அத மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க.

நாலுமுழம்:

தலையணை உறைய எடுத்தேன். பின்பக்கம் திருப்பிப் பாத்தேன். திரும்ப வெச்சிட்டேன்.

ஊசிநூல்காரி:

மூணு வாரம் ஆச்சு, ஒரு அப்டேட்.

டைரக்டர்கிட்ட பேசினேன். நாலு உடை புதுசு, ஏழு உடை பழசுல இருந்து. எழுதியும் வாங்கிட்டேன், மேலங்கி குழுவுக்கு, பேனல் எனக்கு. மைக் இருக்கு, பை தைச்சாச்சு. லைட்டு நீலம் இல்ல, மஞ்சள் சாயல்.

பாவும்ஊடும் சொன்ன மாதிரி ஒரே ஒரு றெக்கை. எட்டு பெரிய இறகு, அப்ளிக், ஓரத்துல தடிச்ச கயிறு. கழுத்துகிட்ட இருக்குற ஒரே ஒரு இறகுல மட்டும் என் பழைய நுணுக்க வேலை, சாட்டின் தையலும் முடிச்சுத் தையலும், நாப்பது மணி நேரம் ஆச்சு. ஹால்ல யாருக்கும் தெரியாது. ராணியா நடிக்கிற பொண்ணு போட்டுக்கிட்டு கண்ணாடில திரும்பிப் பாத்து அந்த ஒரு இறக விரலால தடவினா, அப்புறம் ஒத்திகை முழுக்க அந்த தோள கொஞ்சம் தூக்கியே வெச்சிருந்தா. குறுக்குப் பட்டையும் வேலை செய்யுது, இருமல.

கண்காட்சிக்கு இப்போ முடிஞ்சது மூணு, பேனல் நாலு. அஞ்சாவது வர வாய்ப்பு இல்லன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன், நாலு போதும்னாங்க, இத கேக்காமலே ஒரு மாசம் பயந்து செத்தேன். ஜன்னல் இல்லாத மூலைதான் வாங்கி வெச்சிருக்கேன், வேற யாரும் கேக்கல.

ஒரு பிரச்சனை மட்டும் பாக்கி. மூணாவது காட்சில ராணி மேலங்கியோட மண்டி போட்டு உக்காந்து அப்படியே முன்னாடி தரைல சாயணும், நேத்து எழுந்திரிக்கும்போது கீழ் ஓரத்த அவளே மிதிச்சு பேனலோட ரெண்டு கொக்கி பிச்சுக்கிட்டு வந்துருச்சு. கொக்கிய இன்னும் கெட்டியா தைச்சா துணி கிழியுமோன்னு பயம். மேடை அண்ணா, ஆன்லைன்ல இருக்கீங்களா?

மேடைக்குப்பின்னால:

இருக்கேன்மா. கொக்கிய கெட்டியா தைக்காதீங்க, பிச்சுக்கிட்டு வந்தது நல்லதுக்குத்தான், இல்லன்னா இறகு கிழிஞ்சிருக்கும். கீழ்ப்பாதி கொக்கிய எல்லாம் எடுத்துட்டு ப்ரெஸ் பட்டன் போடுங்க, இழுத்தா தானா விடும், மேல்ப்பாதி மட்டும் கொக்கி. மேலங்கியோட முன் ஓரத்த ரெண்டு இஞ்சு ஏத்தி மடிச்சு தைங்க, பின்னாடி நீளம் அப்படியே இருக்கட்டும். எழுந்திரிக்கும்போது முதல்ல எந்த கால ஊணுறான்னு அந்த பொண்ணுகிட்ட கேளுங்க, அந்தப் பக்கம் இன்னும் ஒரு இஞ்சு.

ஊசிநூல்காரி:

வலது காலாம். பிரிக்கப் போறேன்.